கிரேயானால் கீல் பூசிய பேழை

ஜூனியர் வகுப்புப் பிள்ளைகள் செய்த நோவாவின் பேழை ஒருவழியாக மிதந்துவிட்டது. துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிறைத்து, பேழைக்குள் மொச்சை, பட்டாணி, பயறு, கடுகு எல்லாம் ஏற்றி இறக்கிவிட்டோம். ஒரு பாட்டு முழுதும் பாடி முடிக்கிற வரை கவிழவும் இல்லை, ஊறவும் இல்லை. ஞாயிறு வகுப்பில் வண்ணம் தீட்டுவதையும் கைவேலையையும் வைத்து இதுவரை செய்து பார்த்ததை அளவு, செலவோடு எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் வகுப்பு எடுக்கிற யாருக்காவது ஆகும்.

முதலில் எங்கள் வசதி. தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஊர். ஆராதனை முடிந்ததும் கோயில் (சர்ச்) வராந்தாவில் வகுப்பு. மேசை கிடையாது, தரையில் கோரைப்பாய்தான். பிகினர், பிரைமரி, ஜூனியர் என்று மூன்று பிரிவு, மொத்தம் இருபத்தைந்து பிள்ளைகள் வாக்கில் வருவார்கள். பாட்டு, ஜெபம், கதை, மனப்பாட வசனம் எல்லாம் போக கைவேலைக்குக் கிடைப்பது 20 நிமிடம். ஜெராக்ஸுக்கும் பசைக்கும் வகுப்புக் காணிக்கையில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். மற்ற சாமானெல்லாம் வீடுகளில் சும்மா கிடப்பதுதான்.

ஆரம்பித்தது எல்லோரும் ஆரம்பிக்கிற இடத்தில், வண்ணம் தீட்டும் தாளில். ஏ4 ஜெராக்ஸ் ஒன்று 2 ரூபாய். ஒரே தாளில் இரண்டு படம் போட்டு நடுவில் வெட்டினால் பிள்ளைக்கு ஒரு ரூபாய்தான் ஆகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதித் தாளே அதிகம். கிடைக்கிற படங்களில் பெரும்பாலும் கோடு மெல்லிசாக இருக்கும், ஆளும் அதிகமாக இருக்கும். நான்கு வயதுப் பிள்ளை கையில் கிரேயானைக் கொடுத்து இருபது பேர் நிற்கிற கூட்டத்தைத் தீட்டச் சொன்னால் அது ஒரே நிறத்தில் சுற்றிவிட்டுப் போய்விடும். அதனால் மூலப் படத்தை எடுத்து, தேவையில்லாத ஆட்களை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்து, மிச்சமிருக்கிற கோடுகள் மேல் தடித்த மார்க்கரால் ஒருமுறை ஓட்டி, அதற்கப்புறம்தான் ஜெராக்ஸ் போடுவேன். கோடு 3 மி.மீ. தடிமன் இருந்தால் பிகினர் பிள்ளைகள் கோட்டுக்குள் நிற்கிறார்கள்.

ஸ்கெட்ச் பேனாவை விட்டுவிட்டோம். ஜெராக்ஸ் தாளில் அது ஊறிப் பின்பக்கம் வரும், ஒரே இடத்தில் இரண்டு தரம் தேய்த்தால் தாள் கிழியும், மூடி தொலைந்தால் அடுத்த வாரமே காய்ந்துவிடும். கலர் பென்சிலில் இருக்கிற தொல்லை சீவுவது. 20 நிமிடத்தில் பாதி அதற்கே சரியாகிவிடும். மெழுகு கிரேயான்தான் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அதைத் தகரப் பெட்டியில் போட்டு ஷீட் கூரை அறையில் வைக்காதீர்கள். எங்கள் ஊர் மே மாத வெயிலில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் ஒரே கட்டியாக வந்தது. இப்போது போதகர் வீடான குருமனையில், அவர் மனைவி ஐயரம்மாவின் சமையலறை அலமாரியில் வைக்கிறோம்.

கோரைப்பாய் மேல் தாளை வைத்துத் தீட்டினால் பாயின் வரிவரியான அச்சு படத்தில் விழும். முதல் வாரம் எல்லா ஆட்டுக்குட்டிகளும் பாய் நெசவோடுதான் வந்தன. அதற்குத் தீர்வாகக் கிடைத்தது தினசரிக் காலண்டர் அட்டை. வருஷம் முடிந்ததும் எல்லா வீட்டிலும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒன்று மடியில் வைத்துக்கொண்டால் அதுதான் மேசை. இந்த அட்டைதான் பின்னால் பேழைக்கும் ஆனது.

பிள்ளைகள் அமைதியாகத் தீட்டினார்கள். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. ஆனால் அடுத்த வாரம் "போன வாரம் என்ன படம்?" என்று கேட்டால் "ஒட்டகம்" என்றார்கள். படம் குழந்தை இயேசுவைத் தேடிப் போன சாஸ்திரிகள் மூன்று பேரும் நட்சத்திரமும். பெரிய இடத்தை அடைத்திருந்தது ஒட்டகம், கை அதிக நேரம் இருந்ததும் அங்கேதான், அதனால் நினைவில் நின்றதும் அதுதான். இது பிள்ளைகள் தப்பு இல்லை. கதையில் எது முக்கியமோ அங்கே அவர்கள் கைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் படத்தில் முக்கியமானதை எடுத்துவிட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். இயேசு பெரிய கூட்டத்தையே சாப்பிட வைத்த ஐந்து அப்பம் இரண்டு மீன் கதைக்கு, ஒரு பையன் வெறும் கூடையை நீட்டிக்கொண்டு நிற்கிற படம். அப்பத்தையும் மீனையும் பிள்ளைகளே வரைய வேண்டும். எண்ணி வரைய வேண்டியிருக்கிறது, எண்ணினால் மறப்பதில்லை. "என்ன மீன் அக்கா? சீலாவா, சாளையா?" என்று ஒருவன் கேட்டான். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைக்கு மீன் என்றால் பெயர் வேண்டும். கலிலேயாக் கடல் என்பது நன்னீர் ஏரி, நம் குளத்தில் கிடைக்கிற சிலேபியின் சொந்தக்காரர்கள் அங்கே உண்டு என்றேன். எல்லாருமே முதுகுத் துடுப்பை முள்முள்ளாக வைத்துச் சிலேபி வரைந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டு மீந்த பன்னிரண்டு கூடைக்கு அடியில் ஒரு வெறும் வரிசை விட்டிருந்தேன். பிரைமரி வகுப்பு அதையும் எண்ணி நிரப்பியது. செலவில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை.

அடுத்து, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின சகேயு. இது கைவேலை, பிரைமரிக்கும் ஜூனியருக்கும். நூலை மாற்றி மாற்றி இழுத்தால் அட்டைப் பொம்மை ஏறும், நூலைத் தொய்யவிட்டால் சறுக்கி இறங்கும் பழைய விளையாட்டுச் சாமான்தான். பொம்மைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. வழவழப்பான பக்கம் கிரேயானை ஏற்காது, உள்பக்கத்தை முன்னால் வைத்து வெட்டினோம். உயரம் 10 செ.மீ., அகலம் 5 செ.மீ. பின்பக்கம் இரண்டு சின்னக் குழாய் ஒட்ட வேண்டும், அவற்றின் வழியாகத்தான் நூல் போகும்.

குழாய்க்குத்தான் அலைச்சல். பிளாஸ்டிக் ஸ்ட்ரா 2019-லிருந்து தமிழ்நாட்டில் தடை, அதை வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுக்க மனசு வரவில்லை. காகித ஸ்ட்ரா எங்கள் ஊர்க் கடையில் கிடையாது. ஒரு பையன் பப்பாளி இலைக் காம்பைக் கொண்டுவந்தான். உள்ளே குழல், வெட்டவும் லேசு, காசும் இல்லை. அன்றைக்கு அருமையாக ஏறியது. இரண்டு நாளில் காம்பு சுருங்கி நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கடைசியில் ஜெராக்ஸ் தாளை 3 செ.மீ.க்கு 6 செ.மீ. துண்டாக வெட்டி, பென்சிலில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி உருவினோம். பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள், ஆளுக்கு இரண்டு குழாய்.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது சாய்வு. குழாய்கள் நேருக்கு நேர் இணையாக இருந்தால் நூலை எப்படி இழுத்தாலும் பொம்மை இருந்த இடத்திலேயே ஆடும். மேல்முனைகளுக்கு இடையில் 1 செ.மீ., கீழ்முனைகளுக்கு இடையில் 3 செ.மீ. இருக்கும்படி சாய்த்து ஒட்டினால்தான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். மேலே ஒரு பென்சில் துண்டு, அதன் இரண்டு முனையிலும் நூல், நடுவில் தொங்கவிட ஒரு கொக்கி. நூல் பக்கத்துக்கு முக்கால் மீட்டர். சாதாரணப் பொட்டலம் கட்டுகிற பருத்தி நூல் நன்றாகப் பிடிக்கிறது, நைலான் வழுக்கிவிடும்.

ஏறுவது சரியாக வந்தும், இறங்க மாட்டேன் என்றது. அட்டைக்கு எடை போதவில்லை. காலடியில் நான்கு புளியங்கொட்டையை ஒட்டினதும் நூலைத் தளர்த்தியவுடன் சர்ரென்று வந்தது. "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா" என்பதுதான் அந்த வார மனப்பாட வசனம். வசனத்தைச் சொன்னால்தான் நூலைத் தளர்த்த வேண்டும் என்று வைத்தோம். இதை ஒப்பிக்க யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஜன்னல் கம்பியில் மாட்டி, தம்பி தங்கைகளுக்கும் சொல்லிக்காட்டினார்களாம். செலவு என்று பார்த்தால் நூல்கண்டு 20 ரூபாய், பசை கொஞ்சம். பொம்மையைத் தாங்கும் காட்டத்தி மரத்தைச் சார்ட் அட்டையில் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டினேன். அது இல்லாமலே நடந்திருக்கும். அரை நாள் வீண்.

குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கிறதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரில் ஓலைப்பெட்டி முடைகிற ஒரு பாட்டியை உட்கார வைத்தோம். அவர்கள் கையைப் பார்த்துதான் நானும் கற்றேன். பனங்குருத்தை அன்றைக்கே வெட்டி அன்றைக்கே மடித்தால் மடிப்பில் விண்டுவிடும். முந்தின நாள் நிழலில் கொஞ்சம் வாடவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் சொன்னபடி வளையும். 2 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளம் ஒரு பிள்ளைக்கு. ஈர்க்கை உரித்துவிட வேண்டும், அது விரலை அறுக்கும். மணப்பாட்டுப் பக்கம் ஓலையில் என்னென்னவோ செய்கிறார்கள், எங்கள் வகுப்பு சிலுவையோடு நின்றுகொண்டது.

இனி பேழை. இதற்குத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வழக்கமான படத்தைத்தான் கொடுத்தோம். உருண்டையான ஓடம், மேலே சின்ன வீடு, வெளியே கழுத்தை நீட்டுகிற ஒட்டகச்சிவிங்கி. அப்புறம் பைபிளில் ஆதியாகமம் 6-ஐ ஜூனியர் வகுப்பில் வாசித்தபோது முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம் என்று வந்தது. பூக்கடையில் முழம் போடுவதைப் பார்த்த பிள்ளைகள், உடனே முழங்கையை நீட்டி அளக்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஆள் முழம் மாறியது. பெரியவர்கள் முழம் 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டோம். கிணற்றுக் கயிற்றில் முப்பது முழம், அதாவது பதின்மூன்றரை மீட்டர் அளந்து முடிச்சுப் போட்டோம். அதுதான் பேழையின் உயரம். அதே கயிற்றைத் தெருவில் பத்துத் தரம் போட்டால் நீளம். கோயில் வாசலில் தொடங்கிப் பத்தாவது கயிறு முடிந்த இடம் 135 மீட்டர் தள்ளி, ரேஷன் கடையையும் தாண்டி. "இவ்வளவு தூரமா?" என்று ஓடிப்போய்த் திரும்பி வந்தார்கள்.

அளவைச் சுருக்க வழி கையிலேயே இருந்தது. பள்ளிக்கூட ஸ்கேல் 30 செ.மீ., அதாவது 300 மி.மீ. ஒரு முழத்துக்கு ஒரு மி.மீ. என்றால் பேழை ஒரு ஸ்கேல் நீளம், 5 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். மூன்று தட்டு, தட்டுக்கு ஒரு செ.மீ. யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. "இது கப்பல் மாதிரி இல்லையே அக்கா, பெட்டி மாதிரில்லா இருக்கு" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதே சரி.

முதல் பேழைக்கு மளிகைக் கடை அட்டைப்பெட்டி. 3 மி.மீ. தடிமன் இந்த அளவுக்கு ஆகாது. இரண்டு பக்கச் சுவரே 6 முழத்தைத் தின்றுவிடுகிறது, தட்டுகளுக்கு இடையில் விரல்நுனியும் போகவில்லை. காலண்டர் அட்டைக்கு மாறினோம், ஒன்றரை மி.மீ. இதைக் கத்திரிக்கோல் வெட்டாது. ஸ்டீல் ஸ்கேலும் பேப்பர் கட்டரும் வேண்டும். கட்டர் 30 ரூபாய், அது என் கையில் மட்டும். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் வெட்டி எடுத்துப் போவேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு பேழை என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் தட்டு மூன்று, கூரை ஒன்று, நீளச் சுவர் இரண்டு, குட்டைச் சுவர் இரண்டு. தட்டுகளை 50 மி.மீ. அகலத்துக்கு வெட்டினால் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து பேழை 53 ஆகிவிடும். தட்டு 47 இருக்க வேண்டும். கூரை மட்டும் முழு 50, அதை ஒட்டாமல் நூலால் கட்டினோம், திறந்து பார்க்க வேண்டுமே.

கதவு ஒரு பக்கச் சுவரில். ஜன்னல் மேல்தட்டுக்கு ஒரு முழத் தாழ்வில் என்றால் விளிம்பிலிருந்து ஒரு மி.மீ. இறக்கி. வெட்ட முடியாது, ஒரு கோடாகப் போட்டோம்.

மிருகங்களை வரைந்து வெட்டி ஒட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு முழம் ஒரு மி.மீ. என்றால் யானை எவ்வளவு இருக்கும் என்று ஒருவன் கேட்டதில் திட்டமே மாறிப்போனது. யானை மூன்று மீட்டர் உயரம் என்று வைத்தால் இங்கே 6, 7 மி.மீ. மொச்சைக்கொட்டை! ஒட்டகத்துக்குப் பட்டாணி. மாட்டுக்குப் பச்சைப்பயறு. ஆட்டுக்குக் கடுகு. நோவா குடும்பம் எட்டுப் பேருக்கு எட்டு நொய்யரிசி. அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு பொட்டலம் வீட்டிலிருந்து வந்தது, செலவு பூஜ்யம். சுத்தமான மிருகங்கள் எவ்வேழு ஜோடு என்பதால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பதினான்கு பதினான்கு எண்ணி வைத்தார்கள். ஒட்டகச்சிவிங்கிதான் தகராறு. ஐந்து மீட்டர் என்றால் 11 மி.மீ., தட்டின் உயரமோ பத்து. படுக்க வைத்தார்கள். ஒரு தட்டின் ஓரத்தில் இவ்வளவும் அடங்கிவிட்டு மிச்ச இடமெல்லாம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து, "இன்னும் எவ்வளவோ கொள்ளுமே" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் கதையாகச் சொல்லியிருந்தால் இது வந்திருக்காது.

அப்புறம்தான் கீல், அதாவது தார் மாதிரிக் கறுப்புப் பூச்சு. "அதை உள்ளும் புறம்பும் கீல் பூசு" என்று இருக்கிறது. தண்ணீர் ஏறாமல் இருக்கப் பூசுவது என்று சொன்னதும், கிரேயான் மெழுகுதானே என்று யோசனை வந்தது. மெழுகில் தண்ணீர் ஏறாது. சரி, வண்ணம் தீட்டுவதே கீல் பூசுவது. கறுப்பு வேண்டும், ஆனால் பன்னிரண்டு நிறப் பெட்டியில் கறுப்பு ஒன்றுதான். அதனால் ஒடிந்துபோன துண்டுகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம், ஊதா, பழுப்பு, கரும்பச்சை, எது கிடைத்தாலும். அட்டையின் சொரசொரப்பான சாம்பல் பக்கத்தை வெளியே வைத்தால் மெழுகு நன்றாகப் பிடிக்கிறது. அச்சடித்த பக்கம் வழுக்கும். ஒட்டுவதற்கு முன்பே தட்டையாக வைத்துத் தீட்டிவிட வேண்டும், விளிம்பில் மட்டும் 2 மி.மீ. விட்டுவிட்டு. மெழுகின் மேல் பசை பிடிக்காது. இடைவெளி தெரிந்தால் தண்ணீர் ஏறும் என்று தெரிந்ததால், கோட்டுக்குள் தீட்டச் சொல்லி எத்தனை தரம் சொன்னாலும் கேட்காத பிள்ளைகூட ஒரு வெள்ளைப் புள்ளி விடாமல் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். பூவுக்கும் பொம்மைக்கும் நிறம் கொடுப்பதைவிட இது அவனுக்கு வேலையாகத் தெரிந்திருக்கிறது.

தொட்டியில் விட்ட முதல் தடவை, தீட்டாத பேழை ஒன்றையும் பக்கத்தில் விட்டோம். அது சீக்கிரமே ஊறிச் சொதசொதத்தது. தீட்டினதும் நிலைக்கவில்லை. சுவர் நன்றாகத்தான் இருந்தது, ஒட்டின மூலைகள் பிரிந்துவிட்டன. வெள்ளைப் பசை தண்ணீரில் இளகிவிடும். ரப்பர் பசை தாங்கும், ஆனால் அந்த வாடை பிள்ளைகளுக்கு ஆகாது. ஆலயத்தில் எரிந்து மீந்த மெழுகுவர்த்திக் கட்டைகளை வாங்கி வந்து, பசை ஒரு ராத்திரி காய்ந்த பிறகு, மூலைகளிலும் வெட்டு விளிம்புகளிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். இதை வீட்டில் நானே செய்தேன், சூடான மெழுகை வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. மூலைக்கு வெளியே மட்டும் விட்டால் போதும்.

இன்னொரு குழு குட்டைச் சுவரை மாற்றி வைத்து, 3 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமுமாக ஒட்டிவிட்டது. பிரித்து ஒட்ட நேரமில்லை, அப்படியே விட்டோம். விட்ட கையோடு பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. சரியாக ஒட்டினதை வேண்டுமென்றே ஆட்டிவிட்டாலும் திரும்ப நிமிர்ந்தது. தொட்டிக்குள் கையால் அலை எழுப்பி இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதித்ததில் அன்றைக்கு வகுப்பு மணி பார்க்காமல் நீண்டுவிட்டது, பெற்றோர் வந்து கூப்பிட்டார்கள். அடுத்த தடவை வேண்டுமென்றே ஒன்றை மாற்றி ஒட்ட வைப்பேன்.

செலவு: மூன்று பேழைக்குப் பசை 50, கட்டர் 30, நூல் முன்பே வாங்கினது. அட்டை, தானியம், மெழுகு எல்லாம் ஓசி. நேரம்தான் அதிகம். அளப்பது, வெட்டுத் துண்டுகளில் தீட்டுவது, ஒட்டுவது, ஏற்றுவது என்று வாரத்துக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு வாரம் வராத பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. தானியத்தை ஒட்டி அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு பேழையில் எலி புகுந்து யானை இரண்டையும் தின்றுவிட்டது. தானியம் கடைசி வாரம்தான் ஏற வேண்டும், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டும். பிகினர் பிள்ளைகளுக்கு இது ஆகாது. மூக்கில் பயறு போட்டுக்கொள்கிற வயது. அவர்களுக்குத் தடித்த கோடு போட்ட தாளே போதும்.

ஜூனியர் வகுப்பு இப்போது தாவீது கல்லெறிந்து வீழ்த்தின ராட்சதன் கோலியாத்தைக் கேட்கிறது. ஆறு முழமும் ஒரு ஜாணும், கிட்டத்தட்ட 2.9 மீட்டர். இவனைச் சுருக்கப் போவதில்லை, முழு உயரத்துக்கு வரைந்து தீட்டப் போகிறோம். சார்ட் தாள் ஒன்றின் நீளம் 71 செ.மீ. நான்கு தாள் ஒட்டினால் தலை கொஞ்சம் வெளியே நிற்கிறது, ஐந்து வாங்க வேண்டும். உபதேசியாரிடம் ஏணி கேட்டிருக்கிறேன்.